தர்மராஜ் சார் நல்லதென்று சொன்ன நாடகம்

தர்மராஜ் சார் உச்சிப்புளிப் பக்கத்துப் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஆண்டுதோறும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளை மதுரைக்கு நாடகம் பார்க்க அழைத்துப்போவது அவர் பொறுப்பு. முந்தின ஞாயிறே தனியாகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிடுவார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அங்கேதான் இடம் கிடைக்கும்; அந்த வரிசைக்கு எட்டாத நாடகத்தை அவர் தேர்ந்தெடுப்பதில்லை.

இம்முறை பார்த்தவை இரண்டு. மதியத்து நாடகம் வெறும் கூச்சல். மாலை நாடகத்தில் ஒருவர் முணுமுணுத்ததுகூடக் கடைசி வரிசைக்குக் கேட்டது. ஆனால் அது முடிய எட்டாகும். ஊர் திரும்பப் பதினொன்று. பக்கத்து ஊரான புதுமடத்துப் பெண்பிள்ளைகள் பன்னிரண்டு பேரை வீட்டில் அனுப்பமாட்டார்கள். அவர்களை விட்டுவிட்டுப் போகவும் அவருக்கு மனமில்லை.

அவர்களில் ஒருத்தியான மின்ஹாவின் தாயார் உம்மு ஹபீபா சொன்னால் மற்ற வீடுகளும் கேட்கும். அவரிடமே போய் நின்றார்.

"பதினோரு மணிக்கா சார்? மதியத்து நாடகத்துக்கே கூட்டிட்டுப் போங்களேன்."

"அது வேணாம்மா. சாயங்காலத்து நாடகம் நல்லா இருக்கு."

உம்மு ஹபீபா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எம்புள்ள நூத்துக்கு நூறு வாங்கினப்பவே 'பரவாயில்ல'ன்டுதான சொன்னிய. ஒங்க வாயில நல்லா இருக்குன்டு வருதுன்னா, அது என்னான்டு நானும் பாக்கணும். பஸ்ஸுல எடம் இருக்கா? நாங்க நாலு உம்மாமாரு கூட வாரோம்."

சார் மனதுக்குள் இருக்கைகளை எண்ணினார். மூன்றுதான் மிச்சம்.

"இருக்கும்மா" என்றார். டிரைவர் பக்கத்து என்ஜின் மூடிமேல் தான் உட்கார ஒரு தலையணை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.