மூன்றாம் கட்டம்: மோல்டர் ஏசுபாதம் அவர்களுக்கு

1978 பிப்ரவரி 14, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். எங்கள் வார்ப்பாலையில் முதல் ஷிப்டுக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் அறுபத்து மூன்று பேர். போட வேண்டியவர்கள் அறுபத்து நான்கு. பதிவேட்டை மூடப் போனபோது மணல் சலிக்கும் கன்னியம்மா வந்து மேசை முன்னால் நின்றார்.

"ஏசுபாதம் அண்ணனுக்கு ஆப்சென்ட் போட்டுடாதீங்க சார். விடிகாலம் பூட்டாரு."

எட்டரை மணிக்கு அலுவலகத்தார் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். "நமது ஆலையின் கூலித் தொழிலாளி ஏசுபாதம் இன்று காலமானார். ஆழ்ந்த இரங்கல்." இரண்டே வாக்கியம். அதில் முதல் வாக்கியத்திலேயே பிழை. அவர் கூலித் தொழிலாளி அல்ல, மோல்டர். உருகிய இரும்பை ஊற்றுவதற்கு மணலில் அச்சு எடுப்பவரை எங்கள் ஆலையில் அப்படித்தான் சொல்வோம். அந்தப் பிழைக்கு நானும் காரணம் என்பதால் இதை நான் எழுதுகிறேன். தொழிற்சங்க இதழில் போடுவதானால் முழுதாகப் போடுங்கள். வெட்டிப் போடுவதானால் வேண்டாம்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சில விவரங்கள். கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே உள்ள ஒரு காலனியில் பிறந்தவர். தாயும் தகப்பனும் அடுத்தவர் வயலில் நடவும் அறுப்பும் செய்தவர்கள். மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்தார். 1968இல், இருபத்தோரு வயதில், ஆலை திறந்த முதல் வாரமே வேலை கேட்டு வந்தார். ஆள் எடுத்தவர் மேஸ்திரி கோதண்டம். அந்தக் காலையை ஏசுபாதம் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"பேரக் கூட கேக்கல சார். எந்த ஊருன்னாரு. சொன்னேன். நிமிந்து பாக்காம மணல் குவியல கைய காட்டிட்டாரு."

1975இல் நான் சேர்ந்தேன். திருவள்ளூர்க்காரன், மெக்கானிக்கல் டிப்ளமா, வயது இருபத்தொன்று, ஷிப்ட் சூப்பர்வைசர். என்னிடமும் கோதண்டம் அதே கேள்வியைக் கேட்டார். கூடவே இன்னும் இரண்டு. "எந்த ஊரு நைனா? அப்பா பேரு இன்னா? எந்தத் தெரு?" மூன்றாவது பதிலில் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நம்ம புள்ள." மறுநாளிலிருந்து காலை நாஷ்டா அவர் வீட்டிலிருந்து எனக்கும் சேர்த்து வந்தது. நான் சாப்பிட்டேன். இட்லி நன்றாக இருந்தது. அந்த இட்லிக்கும் மணல் குவியலுக்கும் ஒரே கேள்விதான் வழி என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கோதண்டத்தைக் கொடியவராகக் காட்ட எனக்கு விருப்பமில்லை, அது உண்மையும் அல்ல. 1973இல் ஏசுபாதம் காலில் இரும்புக் குழம்பு தெறித்தபோது தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அவர்தான். இதையும் எனக்குச் சொன்னது ஏசுபாதம். "நல்ல மன்சன் சார். தூக்கிக்கினு ஓடினாரு. கால் ஆறி திரும்பி வந்தேன். மறுபடியும் மணலுக்கே அனுப்பிட்டாரு."

அச்சு எடுக்கும் தளத்தின் நடுவில் ஒரு தண்ணீர்ப் பானை இருந்தது. மோல்டர்கள் அதைச் சுற்றி உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். காலனி ஆட்களைத் தளத்தில் வேலைக்குப் போட்டால் அவர்களும் அந்தப் பானையில் மொண்டு குடிப்பார்கள். அதனால் போடுவதில்லை. இப்படி ஒரு விதியை யாரும் எழுதி வைக்கவில்லை. மணல் சலிப்பது, மணல் கலப்பது, உலைக் கசடு அள்ளுவது என்று காலனி ஆட்கள் பதினோரு பேரும் வெளியே இருந்தார்கள். ஒரு மண்பானை இருந்த இடம் பதினோரு பேரின் தொழிலை முடிவு செய்தது.

1976இல் மோல்டர் பதவி உயர்வுக்குத் தேர்வு வைக்க வேண்டும் என்று மேனேஜர் சொன்னார். விண்ணப்பப் படிவத்தை நான் தயாரித்தேன். பெயர், வயது, தளத்தில் அச்சு வேலை செய்த ஆண்டுகள், செய்முறைத் தேர்வு மதிப்பெண். நான்கே கட்டங்கள். சாதி கேட்கும் கட்டம் கிடையாது. தகப்பன் பெயர்கூடக் கேட்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. நாட்டிலேயே சுத்தமான படிவம் இதுதான் என்று அறைத்தோழனிடம் பீற்றிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஏசுபாதம் அந்தப் படிவத்தோடு வந்தார். அன்று நடந்த பேச்சு இது. என்னைவிட ஏழு வயது மூத்தவரை நான் 'நீ' என்றுதான் அப்போது பேசினேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

"இதுல ஜாதி கேக்கலன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்கீங்களாமே சார்?"

"ஆமா. கேக்கல. நீயே பாரு."

"பாத்தேன். கேட்டுக்கீறீங்க. தோ, மூணாவது கட்டம்."

"அது அனுபவம்யா. தளத்துல எத்தினி வருஷம் வேல செஞ்சேன்னு எழுதணும்."

"எங்கள தளத்துல ஏத்துனாத்தானே எழுத முடியும்? நாங்க பதினோரு பேரும் அதுல சைபர்தான் போடணும். நீங்க கேக்காமலே நாங்க இன்னா ஜாதின்னு அந்தக் கட்டம் சொல்லிடும்."

எனக்குக் கோபம் வந்தது. நான் சாதி பார்க்கிறவன் இல்லை என்று குரலை உயர்த்தினேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "நீங்க பாக்க வேணாம் சார். நீங்க பாக்காமலே அது ஓடிக்கினு கீது," என்று சொல்லிவிட்டுச் சலிக்கப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து, ரயில்நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் நானே போய் அவர் பக்கத்தில் நின்றேன். விட்டுக்கொடுக்க மனமில்லை. உங்கள் ஆட்கள் மட்டும் யோக்கியமா, கோதண்டத்தை முதுகுக்குப் பின்னால் என்னவெல்லாம் சொல்கிறீர்கள், அவருக்கு உங்களைப் பிடிக்காது, உங்களுக்கு அவரைப் பிடிக்காது, இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டேன்.

அவர் டீயைக் குடித்து முடித்துத்தான் பதில் சொன்னார்.

"எனக்கு அவரக் கண்டா ஆவாது, மெய்தான். எட்டு வருசமா ஆவாது. அதனால அவருக்கு இன்னா ஆச்சு? ஒரு நாள் லீவு கட் ஆச்சா? அவரு புள்ளைக்கு வேல போச்சா? அவருக்கு என்னக் கண்டா ஆவாதுன்னா நான் எட்டு வருசமா மணல் அள்றேன். ரெண்டும் ஒண்ணா சார்?"

எனக்குக் கணக்காகச் சொன்னால்தான் புரியும். கடைக்காரரிடம் பென்சில் வாங்கி, பீடிக் கட்டுத் தாளில் ஒரு நெம்புகோல் வரைந்தேன். வெறுப்பு என்பது அழுத்தும் விசை. அதிகாரம் என்பது கடப்பாரையின் நீளம். இரண்டு பேரும் ஒரே பலத்தோடு அழுத்தலாம். ஒருவர் கையில் ஆறடிக் கடப்பாரை, மற்றவர் கையில் ஆறங்குல ஆணி. பாறை யாருக்கு நகரும்? இதைச் சொல்லிவிட்டு, பெரிதாகக் கண்டுபிடித்தவன்போல் அவரைப் பார்த்தேன்.

"இத்தத் தெரிஞ்சிக்கத்தான் மூணு வருசம் டிப்ளமா படிச்சீங்களா? எங்கப்பாரு கடப்பாற புடிச்சவரு சார், அவரக் கேட்டிருந்தா ஓசில சொல்லிருப்பாரு," என்றார். கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு அவர் தாளைத் தன் பக்கம் திருப்பினார். "ஆனா ஒண்ணு உட்டுட்டீங்க. நீளமான கடப்பாறன்னா வெறுத்து அழுத்தணும்னே இல்ல. சும்மா அதுமேல சாஞ்சிக்கினு நின்னாலே எங்க காலு நசுங்கும். நீங்க சாஞ்சிக்கினு நிக்கிறீங்க."

அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இன்றும் அது என்னிடம் இருக்கிறது.

1977 ஆகஸ்டில் தேர்வு வந்தது. மூன்றாம் கட்டத்தில் சைபர் போட்டு ஏசுபாதம் விண்ணப்பித்தார். செய்முறைத் தேர்வுக்கு அனுமதிக்கும் பொறுப்பு என்னுடையது. அனுமதித்தேன். ஆறு பேர் கலந்துகொண்டார்கள், மற்ற ஐந்து பேரும் தளத்தில் மோல்டர்களுக்கு உதவியாக இருந்தவர்கள். கோதண்டம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னாடா, சல்லட கொண்டாரலையா?"

"அது உங்களுக்கு வெச்சிட்டு வந்துக்கீறேன் மேஸ்திரி. நான் உள்ள போய்ட்டா அங்க ஆள் வேணுமில்ல?"

தளத்து ஆட்களே சிரித்துவிட்டார்கள்.

பம்பின் உடல் பாகம்தான் தேர்வுக்கான அச்சு. மற்றவர்கள் கலந்து வைத்திருந்த மணலை அப்படியே அள்ளி அச்சுப் பெட்டியில் போட்டு இடித்தார்கள். அவர் ஒரு பிடி எடுத்து இறுக்கினார், இரண்டாக உடைத்து உடைந்த இடத்தைப் பார்த்தார், ஈரம் கூடுதல் என்று சொல்லிக் காய்ந்த மணலைச் சேர்த்துப் பிசைந்தார். ஈரம் கூடினால் இரும்பு ஊற்றும்போது ஆவி கிளம்பி வார்ப்பில் ஓட்டை விழும். புத்தகத்தில் அதற்கு ஒரு சதவீதம் போட்டிருக்கிறது. அவர் ஒன்பது வருடம் அந்த மணலைத்தான் கையால் கலந்தார். உள்ளே விடாமல் வெளியே நிறுத்தியதே அவரை எங்கள் எல்லோரைவிடவும் பெரிய மணல்காரர் ஆக்கியிருந்தது.

மறுநாள் அச்சை உடைத்தோம். மற்ற ஐந்தில் மூன்று வார்ப்புகளில் ஓட்டை. அவருடையதில் ஒன்றுகூட இல்லை. சுத்தியால் தட்டினால் மணிபோல் ஒலித்தது. வார்ப்பின் ஆய்வு அட்டையில் 'தேறியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த வாரமே அது வாடிக்கையாளருக்கு லாரி ஏறிவிட்டது.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "மூன்றாம் கட்டத்தில் சைபர் போட்டவருக்கு எப்படி உயர்வு தர முடியும்? படிவம் உங்களுடையதுதானே?" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். நான் வாதாடவில்லை. படிவம் என்னுடையதுதானே. 'தகுதியில்லை, தள அனுபவம் இல்லை' என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். நான்கு நிமிடத்தில் வேலை முடிந்தது. எனக்கு ஏசுபாதம் மேல் துளி வெறுப்பும் இல்லை. மரியாதை இருந்தது. அந்த மரியாதையால் அவருக்கு என்ன ஆயிற்று?

ஏசுபாதம் வந்து ஆய்வு அட்டையையும் படிவத்தையும் காட்டச் சொன்னார். பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"வார்ப்பு தேறிச்சி. வார்த்தவன் தேறல. ரெண்டுலயும் ஒரே கையெழுத்து சார்."

அவ்வளவுதான். அழவில்லை, கெஞ்சவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. அடுத்த வாரத்திலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் கசடு கொட்டும் திடலில், தூக்கிப்போட்ட உடைந்த பெட்டிகளை வைத்து அச்சு எடுக்கத் தொடங்கினார். கன்னியம்மாவும் இன்னும் நான்கு பேரும் கூடச் சேர்ந்தார்கள். பொம்பளை மோல்டர் ஆவாளா என்று கோதண்டம் நக்கலடித்தாராம். "மண்ணுக்குத் தெரியாது மேஸ்திரி," என்றாராம் கன்னியம்மா. வருகிற மார்ச் தேர்வுக்கு ஐந்து பேரும் விண்ணப்பிக்கப் போகிறார்கள்.

டிசம்பரில் அவருக்கு இருமல் முற்றியது. டி.பி. என்று சீட்டில் எழுதினார்கள். மணல் தூசி என்று எந்தச் சீட்டிலும் இல்லை. பொங்கல் கழிந்து அவர் வீட்டுக்குப் போனேன். பேசும்போது மூச்சு வாங்கியது. "பழம் எல்லாம் எதுக்கு சார்? மார்ச்சுல அஞ்சு பேருக்கு நீங்கதான் எழுதப் போறீங்க. இன்னா எழுதுவீங்க?" என்றார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன்.

செவ்வாய் மாலை நான்கு மணிக்கு அடக்கம். ஆலையிலிருந்து மணல் ஆட்கள் பத்துப் பேரும் நானும். தளத்திலிருந்து வந்தவர் ஒரே ஒருவர்: கோதண்டம். கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்கள் கலங்கியிருந்தன. உள்ளே வரவில்லை. அவர் கண்ணீர் உண்மை, அந்த வேலியும் உண்மை. கண்ணீர் வேலியைத் தாண்டவில்லை.

நான் மாலையை வைத்தபோது ஏசுபாதத்தின் மனைவி அருளம்மா என்னைப் பார்த்தார்.

"பூ எடுத்தாந்துக்கீறீங்க. சரி. ஃபாரம் இன்னா ஆச்சி?"

குழியில் முதல் மண்ணைப் போட்டவர் கன்னியம்மா. அள்ளிய பிடியை உள்ளங்கையில் வைத்து ஒருமுறை இறுக்கினார். உடைத்துப் பார்த்தார். பிறகு போட்டார். மற்ற நால்வரும் அதேபோல் செய்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பாதிரியார் புரியாமல் பார்த்தார். எனக்குப் புரிந்தது.

போய் வாருங்கள், மோல்டர் ஏசுபாதம் அவர்களே. நிம்மதியாக உறங்குங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. நிம்மதி தரும்படி நான் இதுவரை எதையும் செய்யவில்லை. இனிச் செய்யப் போவது இவை.

1. நாளைக் காலை அறிவிப்புப் பலகையில் 'கூலித் தொழிலாளி' என்பதை அடித்து 'மோல்டர்' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போடுவேன்.

2. ஆகஸ்ட் தேர்வுக் கோப்பில் அவருடைய தாளில், "இந்த முடிவு தவறு. தவறு என்னுடையது" என்று தேதியோடு எழுதுவேன்.

3. மூன்றாம் கட்டம் இல்லாத புதுப் படிவத்தைத் தட்டச்சு செய்து வியாழக்கிழமை மேனேஜர் மேசையில் வைப்பேன். மறுத்தால் தேர்வு நடத்த மாட்டேன். என் கையெழுத்து இல்லாமல் தளத்து ஆள் ஒருவருக்கும் உயர்வு கிடைக்காது. கடப்பாரை என் கையில் இருக்கும்வரை அதை இந்தப் பக்கம் அழுத்துவேன்.

4. என்னை வேலையை விட்டு அனுப்பினால், இரண்டு கையெழுத்துகளின் நகலையும் தொழிலாளர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போவேன்.

5. அனுப்பாவிட்டால், மார்ச் தேர்வன்று காலை ஏழு மணிக்குத் தளத்தின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். கன்னியம்மாவும் நான்கு பேரும் உள்ளே வருவார்கள். இவங்களுக்கு இங்க இன்னா வேல என்று கோதண்டம் கேட்பார். கேட்கட்டும்.