டொக்டர் கேட்ட நாலாவது கேள்வி

எப்போதாவது நெஞ்சு படபடத்தால் பயப்பட வேண்டுமா என்று யாராவது என்னிடம் கேட்டால் எனக்குக் கோபம் வந்துவிடும். கேட்டவர் மேலல்ல, என் மேல்தான். இதே கேள்வியை ஒரு டொக்டரிடம் கேட்டு, ஒழுங்கான பதிலும் வாங்கிக்கொண்டு வந்து, பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருந்தவன் நான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கல்முனைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். என் அக்காவை நான் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். ராத்தாவின் மாப்பிள்ளை அறுவடை நேரம் வயற்காவலுக்குப் போன இடத்தில் பாம்பு கடித்து மௌத்தானார். ராத்தாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது, ஏழு வயதில் ஒரு மகள். ஜனாஸா எடுத்த அன்றே ராத்தா வெள்ளைச் சேலை உடுத்து இத்தாவில் இருந்துவிட்டாள். மாப்பிள்ளை மௌத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு இறங்கக் கூடாது, அந்நிய ஆண் எவரும் முகம் பார்க்கக் கூடாது. வாப்பா முன்னமே மௌத்து. கூடப்பிறந்தவன் என்பதால் ஆண்களில் நான் ஒருவன்தான் அந்த அறைக்குள் போய் வரலாம்.

நெஞ்சுப் படபடப்பு ராத்தாவுக்குப் புதிதல்ல. மாதத்தில் ஒரு தடவை, இரண்டு தடவை வரும், கொஞ்ச நேரத்தில் போய்விடும். பயந்திருக்கிறாள் என்று உம்மா தண்ணீர் ஓதிக் கொடுப்பா. இத்தாவில் அது கிழமைக்கு இரண்டு மூன்று தடவையாகக் கூடியது. மாப்பிள்ளையை இழந்தவளுக்கு நெஞ்சு அடிக்காமல் என்ன செய்யும் என்று வந்து போன பெண்கள் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு நாள் அவள் கையை நீட்டிப் பிடித்துப் பார்க்கச் சொன்னாள். அவசரமாகத் தையல் மெஷின் மிதிப்பது போல நாடி ஓடியது, இடையில் ஒரு அடி தவறியது. ஒன்பதாம் வகுப்புக்கு இதயத்தின் நாலு அறைகளையும் கரும்பலகையில் கீறிக் காட்டுகிற எனக்கு, அந்தக் கையை விட்டுவிட்டு எழும்பிப் போகத்தான் தெரிந்தது.

நூறாவது நாளோ என்னவோ, பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வளவுக் கிணற்றடியில் ராத்தா விழுந்து கிடந்தாள். லுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூ எடுக்கப் போனவள். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண் விழித்தாள். உம்மா உள்ளே தொழுதுகொண்டிருந்ததால் அவவுக்குத் தெரியாது. டொக்டரிடம் போகிறேன் என்றேன். போ, ஆனால் விழுந்த கதையை மட்டும் சொல்லாதே என்றாள்.

“சொன்னா என்னக் கொண்டு வா எண்டுவார். றோட்டுல கால் வெச்சா இத்தா முறிஞ்சிரும். திரும்ப மொதல் நாள்லேர்ந்து இரிக்கணும். எனக்கு ஏலாது தம்பி.”

அதை அவள் நம்பித்தான் சொன்னாள். எங்கள் தெருவில் எல்லாரும் நம்பியது அது. படித்தவன் நானும் நம்பினேன். வெளிச்சம் குறைந்த அந்த அறையில் நூறு நாள் இருந்தவளை இன்னொரு தடவை முதலாம் நாளுக்குத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. எங்கள் பக்கம் அப்போது பெண் டொக்டரும் இல்லை.

மட்டக்களப்பிலிருந்து கிழமைக்கு இரண்டு நாள் வந்து போகிற ஒரு டொக்டர் இருந்தார். அமைதியான மனிதர். எவ்வளவு நேரம் அடிக்கும் என்று கேட்டார், சொன்னேன். நெஞ்சு நோகுமா, மூச்சு முட்டுமா என்று கேட்டார், இல்லை என்றேன். அதுவரை உண்மைதான். நாலாவதாக, மயங்கி விழுந்தவவா என்று கேட்டார். அதற்கும் இல்லை என்றேன்.

“எப்பவாவது வந்து போற படபடப்பு கன பேருக்கு இருக்கும் மாஸ்டர். நித்திரை இல்லாட்டியும் யோசனை கூடினாலும் வரும், பெரிசாப் பயப்படத் தேவையில்ல. ஆனா அதோட மயக்கம் வந்தா ஒரு நாள்கூடப் பிந்தப்படாது. ஆளைக் கொண்டு வந்திரணும்.”

இதைக் கேட்ட பிறகாவது வாயைத் திறந்திருக்கலாம். சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்குத்தான் வந்தேன். உம்மாவிடம் பயமில்லையாம் என்று முதல் பாதியைச் சொன்னேன். ராத்தாவிடம் முழுவதையும் சொன்னேன். இன்னும் ஒரு மாதம்தானே, இத்தா முடிந்த அன்றைக்கே கூட்டிக்கொண்டு போ என்றாள். நானும் ஓம் என்றேன். உம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவ தெருவையும் பார்த்திருக்க மாட்டா, ஊரையும் பார்த்திருக்க மாட்டா, மகளைத் தூக்கிக் காரில் போட்டிருப்பா. அது எனக்கு அப்போதே தெரியும்.

ஒன்பது நாள் மிச்சமிருந்தது. அஸர் தொழுகைக்குப் பிறகு மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். பாதி பின்னிய தலையோடு பிள்ளை என்னிடம் ஓடி வந்து, “உம்மா கதைக்கிறாவில்ல” என்றது. நான் போனபோது நாடி இல்லை.

மூன்றாம் நாள் ஓத வந்த பள்ளிவாசல் ஆலிமிடம், ஏன் டொக்டரிடம் கொண்டு போகவில்லை என்பதைச் சொன்னேன்.

“வருத்தக்காரி மருந்துக்குப் போனா இத்தா முறியாது தம்பி. திரும்ப மொதல்லேர்ந்து இரிக்கிற எண்ட கதை எந்தக் கிதாப்லயும் இல்ல. என்னட்ட ஒருக்காக் கேட்டிருக்கலாமே.”

அவர் வீடு எங்கள் வீட்டிலிருந்து நாலு வேலி தள்ளித்தான் இருந்தது. உம்மா வருகிறவர்களிடமெல்லாம், டொக்டரே பயமில்லை என்று சொன்னவர், இது அல்லாஹ்வின் நாட்டம் என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டா. நான் பக்கத்தில் இருந்து தலையாட்டினேன். உம்மா மௌத்தாகும்வரை உண்மையைச் சொல்லவில்லை. இனிச் சொல்ல ஆளுமில்லை.

சில மாதங்கள் கழித்துச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது அந்த டொக்டர் எதிரே வந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. என்னை அடையாளம் கண்டு நின்றார். அக்காவுக்கு இப்போது எப்படி, மயக்கம் ஒன்றும் வரவில்லையே என்று கேட்டார்.

“இல்ல டொக்டர். இப்ப சுகமா இரிக்கா” என்றேன்.

சந்தோஷம் என்று சொல்லிவிட்டு அவர் போனார். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற ராத்தாவின் மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தன் கையை எடுத்துக்கொண்டாள்.