ஊக்கம் தராத மாத்திரை

மல்யுத்தத் தேர்வில் கழுகுமலை முருகேசனிடம் தோற்று, தேசியப் போட்டிக்கு அவனுடைய மாற்று வீரனாகப் போயிருந்தேன். எடை பார்க்கும் நாளில் அவன் அரைக்கிலோ கூடியிருந்தான். உடம்பு நீர் இறங்கி எடை குறையட்டும் என்று, கால்வீக்கத்துக்கு அம்மா போடும் நீர் மாத்திரையை என் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

“ஏலே, இது ஊக்கமருந்து இல்லியே?”

“ஆளைச் சோர வைக்கிற மாத்திரைலே. இதுல எங்க இருக்கு ஊக்கம்?”

ஜெயித்தான். சிறுநீர்ப் பரிசோதனையில் சிக்கினான். தடைப் பட்டியலில் நீர் மாத்திரையும் உண்டாம்.

விசாரணை அறைக்கு வெளியே கதவோரம் நின்றேன். தோற்றவன் வேண்டுமென்றே கொடுத்தான் என்றுதானே சொல்வார்கள்? உள்ளே அவன் குரல் கேட்டது: “கோவில்பட்டிக் கடையில நானேதான் வாங்குனேன் சார்.”

இரண்டு வருடத் தடை. வெளியே வந்தவன், “ரொம்பப் பயந்துட்டியாலே?” என்றான். அப்போதும் நான் உள்ளே போய் உண்மையைச் சொல்லவில்லை.

அடுத்த போட்டிக்கு அவன் இடத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். அதற்கும் போனேன்.