காதே இல்லை என்று சொன்ன சூத்திரம்

என் பெயர் முருகேசன். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். டைல்ஸ் ஒட்டும் வேலைக்காகக் கொச்சிக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. குடியிருப்பது சுள்ளிக்கல்லில். எனக்கு மேடைப் பேச்சு வராது. நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

போன வருஷம் மழை தொடங்கிய சமயம். ஒரு சாயங்காலம் வேலை முடிந்து கட்டர் மிஷினை அணைத்தேன். மிஷின் நின்றது, சத்தம் நிற்கவில்லை. இடது காதுக்குள் 'கீ' என்று ஓர் இரைச்சல். விடிந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஒரு மாதம் ஆகியும் போகவில்லை. காது டாக்டரைப் பார்த்தேன். வருஷக்கணக்காகக் கட்டர் சத்தம் கேட்டதில் உள்ளே கெட்டுப்போயிருக்கிறது, மருந்து கிடையாது, பழகிக்கொள்ள வேண்டியதுதான், இனிமேலாவது காதை மூடிக்கொண்டு வேலை பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

எங்கள் தொழிலுக்குக் காது வேண்டும். ஒட்டிய டைலை ஒரு நாணயத்தால் தட்டிப் பார்ப்போம். அடியில் சிமெண்ட் சரியாகப் பிடித்திருந்தால் கெட்டியான சத்தம் வரும். காலியாக இருந்தால் சத்தமே வேறு. அதைப் பெயர்த்துவிட்டுத் திரும்ப ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் என்றாவது ஒருநாள் உடையும். அந்த வித்தியாசம் எனக்குக் கேட்காமல் போனது. திருப்பூணித்துறையில் நான் முடித்துக் கொடுத்த குளியலறையில் நாலு டைல் உடைந்தது. அதற்குப் பிறகு நான் ஒட்டுவதை, என்னோடு வேலை பார்க்கும் பாபு பின்னாலேயே வந்து தட்டிப் பார்த்தான். எனக்குத்தான் கூசியது.

கும்பிடாத சாமி இல்லை. "இந்தச் சத்தத்தோட இருக்கறதுக்குச் செத்துப் போயிரலாம்" என்று ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். என் மனைவி செல்வி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. அன்று அந்த மீனை நாங்கள் யாரும் சாப்பிடவில்லை.

அதற்கு அடுத்துக் கிடைத்த வேலைதான் மட்டாஞ்சேரியில் லதா சேச்சி வீடு. இங்கே அக்காவைச் சேச்சி என்பார்கள். பாங்கில் வேலை பார்ப்பவர். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் படித்ததெல்லாம் மலையாளம். காலையில் நான் போகும்போது முன் அறையில் உட்கார்ந்து ஏதோ ஓதிக்கொண்டிருப்பார். அது முடியும்வரை மிஷினைப் போட மாட்டேன். வாசலில் நின்று கேட்பேன்.

ஒருநாள் கேட்டே விட்டேன். "இது என்ன பாட்டு, சேச்சி?"

"பாட்டில்ல அண்ணா. பௌத்த சூத்திரமாக்கும். எல்லாம் சூன்யம்னு பறையும்."

"சூன்யம்னா காலியா? எங்க தொழில்ல காலியா இருந்தா பேத்து எடுத்துருவோமே."

அவர் சிரித்தார். "அந்தக் காலி வேற, இது வேற. வாசிச்சு நோக்குங்கோ" என்று ஒரு தாளைக் கொடுத்தார். மலையாளம். எனக்குப் படிக்க வராது. செல்வி கொச்சியிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் வாசிக்க வாசிக்க நான் தமிழில் எழுதிக்கொண்டேன். உருவம்தான் வெறுமை, வெறுமைதான் உருவம் என்கிற மாதிரி போனது. பிறகு கண் இல்லை, காது இல்லை என்று வந்தது. செல்வி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"காதே இல்லன்னா இந்த இரைச்சல் யாருக்குக் கேக்கு?" எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்கிட்ட ஏன் கேக்கறீங்க? தாளைக் குடுத்தவங்ககிட்ட கேளுங்க."

கடைசியில் மந்திரம். போ, போ, அக்கரைக்குப் போ என்பது போல அர்த்தம் என்று கீழே குறிப்பு இருந்தது. "அக்கரைன்னா எறணாகுளமா?" என்றாள் செல்வி. எங்கள் பக்கத்திலிருந்து காயலுக்கு அக்கரையில் இருப்பது எறணாகுளம்தான். பல நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் சிரித்தோம்.

மறுநாள் சேச்சியிடம் போய்க் கேட்டேன். "இல்லைன்னா, தனியா இல்லைன்னு அர்த்தம். இந்த டைல் தனியா நிக்குமோ? சிமெண்ட் வேணும், தரை வேணும், உங்க கை வேணும்" என்றார்.

"அதெல்லாம் எடுத்தாலும் டைல் கையில இருக்குமே, சேச்சி."

"அந்த டைலும் மண்ணும் தீயும்தானே அண்ணா?"

யோசித்தேன். "அப்ப என் காது இரைச்சல்?"

"எனக்கு அறியில்லை. நீங்கதான் நோக்கிச் சொல்லணும். மந்திரத்துக்கே சரியான அர்த்தம் இதுதான்னு பண்டிதர்கள் ஒத்துப்போகலை."

தெரியாது என்று அவர் சொன்னதுதான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. தினமும் வேலைக்கு முன்னால் அவரோடு சேர்ந்து மந்திரம் சொன்னேன். இரைச்சல் போகணும், போகணும் என்றுதான் வேண்டினேன். யாரிடம் வேண்டுகிறேன் என்றுகூடத் தெரியாது. பிறகு ஒருநாள், இது எங்கேதான் இருக்கிறது என்று தேடிப் பார்க்கத் தோன்றியது. காதிலா, மண்டைக்கு நடுவிலா? தேடப் போனால் இடம் மாறியது. மத்தியானச் சாப்பாட்டை நினைத்தபோது அது இருந்ததா என்றே தெரியவில்லை. நிற்கவே நிற்காது என்று மாதக்கணக்கில் நான் பயந்த சத்தம் இதுதானா என்று ஆச்சரியமாக இருந்தது.

கடைசியாகக் கூடம் மட்டும் பாக்கி. வாய்க்குள் மந்திரத்தைச் சொல்லிக்கொண்டே தட்டிப் பார்த்து வந்தேன். இடது உள்ளங்கை டைல் மேல் இருந்தது. ஜன்னல் ஓரத்து டைலைத் தட்டியபோது கையில் சின்னதாக ஓர் அதிர்வு. காது எதுவும் சொல்லவில்லை. பக்கத்து டைலைத் தட்டினேன், அந்த அதிர்வு இல்லை. திரும்ப முதல் டைல். மறுபடியும் கையில் அதிர்ந்தது. பெயர்த்தேன். ஒரு மூலையில் சிமெண்ட் பிடிக்கவே இல்லை.

சேச்சியைக் கூப்பிட்டேன். அதே மாதிரி இருந்த இன்னொரு டைலை நான் தட்ட, அவர் அதில் கையை வைத்துப் பார்த்து, "எனக்கு ஒண்ணும் அறியலையே அண்ணா" என்றார்.

"எனக்குத் தெரியுது சேச்சி" என்றேன். அழுகை வந்துவிட்டது.

கூடம் முழுக்கக் கையாலேயே பார்த்து, மூன்று இடத்தில் பென்சிலால் குறி போட்டேன். குறியை அழித்துவிட்டு, எந்த இடம் என்று சொல்லாமல் பாபுவைத் தட்டிப் பார்க்கச் சொன்னேன். அதே மூன்றைக் காட்டினான். மறுநாளிலிருந்து அவன் என் பின்னால் வரவில்லை.

இரைச்சல் போய்விட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. இதோ பேசும்போதும் இருக்கிறது. பயம்தான் போய்விட்டது. மனதில் தடை இல்லாதவனுக்குப் பயமில்லை என்று அந்தச் சூத்திரத்திலேயே இருக்கிறது. நான் கேட்டது ஒன்று, கிடைத்தது இது. எனக்கு இது போதும்.

உங்களில் யாருக்காவது வாழவே வெறுத்துப்போயிருந்தால், எல்லாம் புரிந்த பிறகு ஓதலாம் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு இன்னும் பாதி புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் லதா சேச்சி வீட்டில் கூடுகிறோம். செல்வியும் வருகிறாள். எல்லாம் வெறுமை என்றால் சோறு யார் வடிப்பது என்று வாராவாரம் கேட்கிறாள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நம்பிக்கை இல்லாவிட்டால் சந்தேகத்தையாவது கொண்டு வாருங்கள். பாயில் இடம் இருக்கிறது.