ஊசி நாள் காய்ச்சல்

அந்த வருடம் மாவட்டம் முழுக்கப் பள்ளிக்கூடங்களில் தட்டம்மைக்கு ஊசி போட்டார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு மணல்வாரி என்று பெயர். கடற்கரை ஊர் ஒன்றில் நான் நாலாம் வகுப்பு டீச்சர். பெற்றோரைக் கூட்டிப் பேசும் வேலையைத் தலைமையாசிரியர் என் தலையில் கட்டினார். எனக்குத்தான் வாய் நீளமாம்.

கூட்டத்துக்கு முந்தின நாள் குடும்ப வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. பேர் சொல்லாத ஒரு டாக்டர், இந்த ஊசி பிள்ளைகளை முடக்கிவிடும் என்று கரகரத்தார். அனுப்பியவள் குவைத்தில் நர்ஸாக இருக்கும் என் நாத்தனார். அங்கே நாள் முழுக்க அடுத்தவர் பிள்ளைகளுக்கு ஊசி போடுகிறவள். நான் அதை மூன்று முறை கேட்டேன்.

மறுநாள் கூட்டத்தில் வெளுத்து வாங்கினேன். "வாட்ஸப்புல வாறதையெல்லாம் நம்புவியளா? மணல்வாரி வந்து பிள்ளைக்குக் கண்ணு போனா அந்த டாக்டரா வந்து நிப்பாரு?" கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து, நாகர்கோவிலில் இங்கிலீஷ் மீடியம் படிக்கும் என் மகனுக்குக் காய்ச்சல் என்று லீவு லெட்டர் எழுதினேன். அவன் பள்ளியிலும் அதே வாரம் ஊசி. காய்ச்சல்காரன் புட்டும் பயறும் தின்றுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தான்.

ஊசி நாளன்று என் வகுப்பில் பாதி பெஞ்சு காலி. மேசை நிறைய லீவு லெட்டர்கள், எல்லாவற்றிலும் காய்ச்சல். இப்படியா புளுகுவார்கள் என்று எனக்கு வந்ததே கோபம்! நிஜமான கோபம், அதுதான் கூத்து.

மீன் விற்கும் ஓர் அம்மா கூடையை வாசலில் இறக்கிவிட்டு மகளோடு வந்தாள்.

"டீச்சரே, ஒங்களுக்க மவனுக்குப் போட்டாச்சா?"

"நேத்தே போட்டாச்சே. அவன் அழவேயில்ல."

"அப்பம் செரி. எனக்க எளையவனையும் கொண்டாறேன்."

அங்கன்வாடிக்கு ஓடிப்போய் அவனை இடுப்பில் தூக்கி வந்தாள். ஊசி ஏறியதும் வீறிட்டான். "ஏலே, டீச்சருக்க மவன் அழவேயில்லியாம். நீ எதுக்குக் கெடந்து கத்துத?" என்று கண்ணைத் துடைத்துவிட்டாள்.

போட்ட பிள்ளைகளை அரை மணி நேரம் உட்கார வைக்கச் சொல்லியிருந்தார்கள். அவ்வளவு நேரமும் நான் அந்தச் சின்னவனின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயந்து செத்தேன். அவளுக்கு ஒரு பயமும் இல்லை, நான் சொல்லிவிட்டேனே. நேரம் முடிந்ததும் அவன் இறங்கி ஓடினான். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

மறுநாள் காலையில் என் மகனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். ஊசியைக் கண்டதுமே ஊரைக் கூட்டினான். சத்தம் போடாதே என்று அதட்ட வாயெடுத்தேன். அழவேயில்ல என்று நேற்று நான் சொன்னது நினைவுக்கு வந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.