மூன்று டம்ளர் மீன் கரைசல்

ஞானபாய்க்குக் கருங்கல்லில் கோபம் வந்தால் அருமனையில் ரப்பர் பால் திரிந்துவிடும் என்பார்கள். சும்மா கூட்டிச் சொல்வது. பாதி வழி வரைக்கும்தான் திரியும்.

2012இல் அவள் கொதித்ததற்குக் காரணம் இருந்தது. பன்னிரண்டு வருடமாகப் பாட்டக் குத்தகைக்கு எடுத்துப் பந்தல் கட்டிக் கொடிப்பயறு போட்டுவந்த வயலில், உடைமைக்காரரான ஓய்வுபெற்ற வாத்தியார் சுந்தர்சிங் ரப்பர் வைக்கப் பார்த்தார். போன வருடம் பூவெல்லாம் கொட்டிக் காய் இல்லாமல் போனது அவருக்கு வசதியாகிவிட்டது.

"ஓணத்துக்குள்ள பந்தல்ல காய் பாக்கணும், ஞானபாய். இல்லேன்னா குழி வெட்டிருவேன். பொறவு அழப்படாது."

"அழுவதுக்கு எனக்கு நேரம் எங்க சாரே இருக்கு?"

விவசாயப் பயிற்சியில் அவளுக்கு ஒரு வழி சொல்லித்தந்திருந்தார்கள். மீன் கழிவையும் வெல்லத்தையும் சம எடையில் மூடி வைத்தால் இருபத்தொரு நாளில் மீனின் புரதம் கரைந்து தேன்போல் வரும், பழுத்த பழ வாசனை அடிக்கும். பத்து லிட்டர் தண்ணீருக்கு அரை டம்ளர் கலந்து இலையில் தெளித்தால் பயறு செழிக்கும், பூ உதிராது.

குளச்சலிலிருந்து பஸ்ஸில் மீன் கொண்டுவந்து விற்கும் சிலுவையிடம் கேட்டாள். சாளைத் தலையும் குடலுமாக ஒரு வாளி கொண்டுவந்து கொடுத்தான். இருபத்தொரு நாள் கழித்துத் திறந்தால் பழ வாசனையைக் காணோம், கரைசலும் நீர்த்துக் கிடந்தது. இதற்கு வீரியம் போதாது என்று பத்து லிட்டர் தெளிப்பான் டேங்குக்கு மூன்று டம்ளர் ஊற்றி அடித்தாள்.

மூன்றாம் நாள் இலையெல்லாம் விளிம்பில் கருகி, சுட்ட அப்பளம்போல் சுருண்டது. கரைசலில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தாள். குளச்சல் கடல் முழுக்க அதற்குள் இருந்தது.

அவள் போன வேகத்தில் கருங்கல் சந்தையில் மூன்று நாய்கள் ஊரைவிட்டே போயின.

"ஏலே சிலுவ, குடல்ல உப்பு போட்டியா?"

"போடாம பின்ன? நாறுன வாளியோட பஸ்ஸில ஏறினா கண்டக்டர் என்னையும் சேத்துல்லா எறக்கி விடுவாரு. கடப்பொறத்துல உப்பு போடாம எவன் மீன வெளியூருக்கு அனுப்புவான்?"

"எனக்க பயற கருவாடா ஆக்கிட்டியே, பாவி."

"டேங்குக்கு எவ்வளவு ஊத்துனிய அக்கா?"

அவள் கூடையில் கிடந்த மீனைப் புரட்டிப் பார்த்தாள். அவன் விடவில்லை. கடைசியில் மூன்று டம்ளர் என்று சொல்ல வேண்டிவந்தது.

"உப்பு நான் போட்டது. மூணு டம்ளர நான் வந்தா ஊத்துனேன்?"

உண்மையைச் சொல்கிறவன்மேல் வருகிற கோபத்துக்கு ஈடாக வேறு கோபம் கிடையாது. அவனுடைய மீன் கூடையை எட்டி உதைத்துவிட்டு வந்தாள். வந்தவள் அன்றே பச்சைத் தண்ணீரை அடித்துக் கொடிகளைக் கழுவினாள். கருகிய இலை உதிர்ந்தது, கணுக்கள் மட்டும் பச்சையாக நின்றன.

மறுநாள் சிலுவை உப்பில்லாத குடலோடு வந்தான். எந்த பஸ்ஸும் ஏற்றவில்லையாம், குளச்சலிலிருந்து நடை. பின்னால் ஊர்வலம்போல நாற்பது காக்கை.

"வச்சிட்டுப் போ" என்றாள்.

இந்தத் தடவை இருபத்தொன்றாம் நாள் பழ வாசனை வந்தது. அரை டம்ளருக்கு ஒரு சொட்டுக் கூடாமல் அளந்து, வெயில் தாழ அடித்தாள். கணுவுக்குக் கணு துளிர்த்தது, பின்னாலேயே பூவும் வந்தது.

ஓணத்துக்கு நான்கு நாள் முன்பு வயலுக்குப் போனால், குழிக்கு அடையாளமாக வரப்போரம் வரிசையாகக் குச்சி அடித்திருந்தது. அளவுக் கயிற்றைப் பிடித்தபடி சுந்தர்சிங் நின்றார்.

"ஓணம் கழிஞ்சாச்சா சாரே?"

"பயறு கருகிப் போச்சுன்னு சந்தையில சொன்னாவ."

"சந்தையில கேட்டீரு. பந்தலுக்குள்ள வந்து பாத்தீரா? நாப்பது வருசம் பிள்ளையளுக்க பேப்பரத் திருத்தாமலா மார்க்கு போட்டீரு?"

அவர் குனிந்து உள்ளே போனார். முழ நீளக் காய்கள் தலையில் இடித்தன. வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கயிற்றைச் சுற்றிக்கொண்டே, "அடுத்த வருசமும் நீயே போடு" என்றார்.

"அதுக்குப் பொறவு?"

"அப்பம் பாப்போம்."

"நானும் பாக்கேன்" என்றாள் ஞானபாய். அவர் வரப்பைத் தாண்டுவதற்குள் குச்சிகளைப் பிடுங்க ஆரம்பித்திருந்தாள். பாரம் தாங்காமல் தொய்ந்த பந்தலுக்கு அவற்றில் நாலை முட்டுக் கொடுத்தாள். மீதியை அடுப்புக்குக் கட்டினாள்.