ராவுத்தர் வீட்டுப் பிள்ளை

சிங்கப்பூரிலிருந்து அக்கா மகன் குமாரின் அழைப்பு வந்தபோது காலை பத்து மணி இருக்கும். தஞ்சாவூரில் என் வீட்டு வாசலில் நின்று கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். “மாமா, அம்மா போயிட்டாங்க” என்றான். தூக்கத்திலேயே மாரடைப்பாம். கீரைக்கட்டோடு உள்ளே வந்தேன். பிறகு சிறுநீர் கழிக்கப் போனேன். எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். என் வலது அடிவயிற்றில், தோலுக்குக் கீழே, அக்காவின் சிறுநீரகம் ஒன்பது வருடங்களாக இருக்கிறது. உடையவள் போய்ச் சேர்ந்த செய்தி அதற்குத் தெரியவில்லை. வழக்கம்போல வேலை செய்துகொண்டிருந்தது.

பிச்சம்மாள் அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். ஊருக்கு வந்தால் தைலக் குப்பிகளோடு தெருவையே ஒரு சுற்று சுற்றி வருவாள். வாயைத் திறந்தால் கேலிதான். ஆனால் விமான நிலையத்திலிருந்து வந்ததும் அவள் முதலில் நுழையும் வீடு எங்கள் வீடு இல்லை, மளிகைக்கடை காதர் ராவுத்தரின் வீடு. அது ஏன் என்று கேட்டவர்களுக்கு, “அதானே என் பொறந்த வீடு” என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

கூத்தாநல்லூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அக்காவுக்கு முன்பு அம்மாவுக்கு நான்கு பிள்ளைகள் பிறந்தன. ஒன்றுகூட ஒரு வயதைத் தாண்டவில்லை. ஐந்தாவதாக அக்கா பிறந்ததும், அம்மா அவளைக் கொண்டுபோய் ராவுத்தரின் மனைவி மடியில் போட்டுவிட்டாள். மறுநாள் ஒரு மரக்கால் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டாள். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையைத் தேடி எமன் வரமாட்டான் என்று நம்பிக்கை. மற்ற வீடுகளில் இது ஒரு நாள் சடங்கோடு முடிந்துவிடும், எங்கள் வீட்டில் முடியவில்லை. பள்ளியில் சேர்க்கும்போது தகப்பனார் பெயர் என்ன என்று தலைமையாசிரியர் கேட்டதற்கு, என் அப்பா வைத்தியலிங்கம், சற்றும் தயங்காமல் “காதர் ராவுத்தர்” என்று சொல்லிவிட்டார். அந்தப் பெயரே பாஸ்போர்ட் வரைக்கும் போனது. ரேஷன் கார்டில்கூட அக்கா எங்கள் வீட்டு ஆள் இல்லை.

அம்மா அதற்கும் மேலே போனாள். வாசற்படியைத் தாண்டிவிட்டால் அக்கா அவளை ‘அத்தை’ என்றுதான் கூப்பிட வேண்டும். சாயங்காலம் விளக்கேற்றியதும் அம்மா வாசலில் போய் நிற்பாள். தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. யாரோ எதிரே நின்று கேட்டதுபோல, “இது எங்க புள்ள இல்லீங்க. ராவுத்தர் வீட்டுப் புள்ள” என்று பதில் சொல்லிவிட்டு உள்ளே வருவாள். அக்காவுக்கு ஏழு வருடம் கழித்துப் பிறந்த நான் இதைத் தினமும் பார்த்து வளர்ந்தேன். எல்லா வீட்டிலும் அம்மாக்கள் இப்படித்தான் விளக்கேற்றுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சாகும் முன் என் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா சொன்னது ஒன்றே ஒன்று: “அவள நம்ம புள்ளைன்னு எங்கயும் எழுதிடாதடா, சேது.”

எழுதினேன். அதைச் சொல்லத்தான் இந்த அஞ்சலி.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சிறுநீரகத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டிக்கொண்டிருந்த அறிவியல் வாத்தியார் நான். எனக்கே இரண்டும் கெட்டுப்போயின. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மனைவிக்குச் சர்க்கரை, அதனால் அவளுடையதை எடுக்க முடியாது. அக்காவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளே கூப்பிட்டாள். “தவுட்டுக்கு வாங்குன புள்ளதானடா, எடுத்துக்க” என்றாள். உன் உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று இழுத்தேன். “நாத்தங்கால்லேருந்து பறிச்சு வேற வயல்ல நடுறோம். பயிர் புடிக்காமலா போவுது? சும்மா கெட” என்று போனை வைத்துவிட்டாள்.

ஆனால் அவள் அப்போது சிங்கப்பூர்க் குடிமகள். வெளிநாட்டவர் ஒருவர் இங்கே உறுப்பு தர வேண்டுமென்றால் நெருங்கிய ரத்த உறவாக இருக்க வேண்டும், அதை நிரூபிக்கவும் வேண்டும். அவளுடைய காகிதங்களிலெல்லாம் தகப்பனார் காதர் ராவுத்தர். மருத்துவமனையில் கோப்பைப் புரட்டிய அலுவலர் என்னையும் அக்காவையும் மாறிமாறிப் பார்த்தார். தவிட்டுக் கதையைச் சொன்னோம். சிரிக்கவில்லை. மரபணுப் பரிசோதனை கேட்டார். தூதரகக் கடிதம் கேட்டார். பிரமாணப் பத்திரம் கேட்டார். இவள் எங்கள் வீட்டுப் பெண் இல்லை என்று ராவுத்தர் குடும்பத்திலிருந்தும் ஒரு கடிதம் வேண்டும் என்றார்.

ராவுத்தரின் மகன் ஜமால் அண்ணன் அந்தக் காகிதத்தைக் கடைக் கல்லாமேல் வைத்து இரண்டு முறை படித்தார். “எங்க அக்கா இல்லைன்னு என் கையால எழுதித் தரச் சொல்றியே, சேது. வாப்பா இருந்திருந்தா போட்டிருக்க மாட்டாங்க” என்றார். பிறகு என் வீங்கிய முகத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நான் என் பத்திரத்தில், “மேற்படி பிச்சம்மாள் வைத்தியலிங்கத்தின் மகள், என் உடன்பிறந்த அக்கா” என்று எழுதினேன். உயிர் பிழைக்கும் ஆசையில் அம்மா சொன்னது அப்போது எனக்கு நினைவுக்கு வரவேயில்லை என்று எழுதினால் அது பொய். நினைவுக்கு வந்தது. எழுதினேன்.

அனுமதிக் குழுவின் விசாரணையை வீடியோவில் பதிவு செய்தார்கள். “உங்க அப்பா பேரைச் சொல்லுங்கம்மா” என்றார் நடுவில் இருந்தவர். அக்கா வாசல் பக்கம் திரும்பினாள். “கொஞ்சம் கதவைச் சாத்திக்கலாமா சார்?” என்று கேட்டாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். கதவு சாத்தித்தான் இருந்தது. அதைப் பார்த்தபடியே, “வைத்தியலிங்கம். நான் அவரோட மக” என்றாள். ஐம்பத்தைந்து வயதில் முதன்முறையாகச் சொல்கிறாள். வெளியே வந்ததும் சின்னப் பெண் மாதிரி என் கையைப் பிடித்து ஆட்டி, “சொல்லிட்டேன்டா!” என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை. எனக்குத்தான் அம்மா வாசலில் போய் நிற்பது கண்ணில் வந்தது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அவள் சிங்கப்பூர் திரும்பினாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடுவாள். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்க மாட்டாள். “அவ எப்படிடா இருக்கா?” என்பாள். சிறுநீரகத்தைத்தான் சொல்கிறாள். “அவளுக்கு வேளாவேளைக்குத் தண்ணி குடு. பட்டினி போட்டு வளத்தேன்னு பேர் வாங்காத.” என் மனைவிக்குச் சிரிப்பு தாங்காது.

கடைசி ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் ஆரம்பித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். முந்தின நாள் சாயங்காலம் அவள் மட்டும் வீட்டில் இருந்தபோது யாரோ கதவைத் தட்டியிருக்கிறார்கள். “நல்ல தமிழ்லடா, நம்ம ஊர்ப் பேச்சு. ‘வைத்தியலிங்கம் மக வீடு இதானே?’ன்னு ஒரு குரல். இத்தன வருஷத்துல இங்க ஒருத்தர் அப்பா பேரச் சொல்லி என்னைக் கேட்டதில்ல பாரு. சந்தோஷத்துல உள்ள இருந்தே, ‘ஆமாங்க, நான்தான்’னுட்டேன்.”

“யாரு அது?”

“தெரியல. கதவத் தொறந்தா ஆளக் காணும்.”

வியாழக்கிழமை அவள் போய்விட்டாள்.

ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்ததற்கும் இந்த மாரடைப்புக்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர் சொல்கிறார். பழைய ஊர்க்காரர் யாராவது தேடி வந்திருப்பார் என்கிறான் குமார். முப்பது வருடம் அறிவியல் நடத்திய நான் இரண்டுக்கும் தலையாட்டுகிறேன். அம்மா அறுபது வருடத்துக்கு முன்பு மறைத்து வைத்த முகவரியை, முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தவன் நான் என்பதை மட்டும் யாராலும் மாற்ற முடியவில்லை.

அவள் போன அன்று மாலை குமார் மறுபடி கூப்பிட்டான். பத்திரிகையில் அஞ்சலி அறிவிப்பு கொடுக்க வேண்டுமாம். “அம்மாவோட அப்பா பேர் எதைப் போடட்டும், மாமா?” பக்கத்தில் ஜமால் அண்ணன் உட்கார்ந்திருந்தார். செய்தி கேட்டு வந்தவர் அழுது ஓய்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். மெல்லத் தலையசைத்தார். “வைத்தியலிங்கம்னே போடு” என்றேன். அவள் ஆசைப்பட்ட பெயர். இனி அவளிடம் யார் வந்து என்ன கேட்டுவிட முடியும்?

ஆனால் அவளில் ஒரு பங்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அதுதான். வேளாவேளைக்குத் தண்ணீர் கொடுக்கிறேன். கூடவே இன்னொன்றும் செய்கிறேன். என்னைக் கேலி செய்ய நினைப்பவர்கள் தாராளமாகச் செய்யலாம். விளக்கேற்றும் நேரத்தில் வாசலுக்குப் போகிறேன். அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டு, ஆளில்லாத தெருவைப் பார்த்துச் சொல்கிறேன்: “வைத்தியலிங்கம் மக இங்க இல்லீங்க. இது ராவுத்தர் வீட்டுப் புள்ள.”